அன்னக்கொடியின் வலது பெருவிரல்

அன்னக்கொடிக்குக் காகிதம் என்றாலே ஆகாது. கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது, கங்காணி நீட்டிய தாளில் அவள் அப்பா ஒருநாள் ரேகை வைத்தார். ரேஷனுக்கு என்றான் கங்காணி. உண்மையில் அது இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்று எழுதிய தாள். 1971இல் குடும்பமே கப்பலேற வேண்டியதாயிற்று. மண்டபம் முகாமிலேயே அப்பா கண்ணை மூடினார். மிச்சப் பேர் பெரும்பாறைக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடொன்றில், வந்து ஒண்டினார்கள்.

அன்றிலிருந்து யார் தாளை நீட்டினாலும், “இதுல என்ன எழுதியிருக்கு? அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்பாள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை திருமலைச்சாமி அவளுக்குக் ‘கலெக்டரம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவளும் ஒருமுறை கேட்கவில்லை. தோட்டத்தில் பேர் பதிந்த அன்று வெறும் தாளின் அடியில் ரேகை வைக்கச் சொன்னார் திருமலைச்சாமி. எழுத்தே இல்லாத தாளில் எந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்பது? ஆணுக்கு இடது பெருவிரல், பெண்ணுக்கு வலது. சர்க்கார் கச்சேரியில் எப்படியோ அப்படியே தோட்டத்திலும். முன்னால் நின்ற பெண்கள் எல்லாரும் வைத்தார்கள். அவளும் வைத்துவிட்டு, மையைத் தலையில் தேய்த்துக்கொண்டு மலையேறினாள்.

அந்தப் பெருவிரல் 1978 கார்த்திகையில் போயிற்று.

முதல் பழம் எடுக்கிற நாளில் அந்தத் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. முதல் கூடையை நிரப்பிய பெண், பழத்தோல் உரிக்கிற மெஷினை ஓடவிட்டு, மூன்று கை பழத்தைத் தன் கையாலேயே அதில் போடவேண்டும். மானேஜரே கைகூப்பி நிற்பார். அந்த வருடம் மாலை மாட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று மெஷின் வாயை மூடும் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். முதல் கூடையை நிரப்பியவள் அன்னக்கொடி. இரண்டு கை போட்டாள். மூன்றாவது கையை மெஷின் இழுத்துக்கொண்டது. பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் தோலோடு தோலாகப் போயின.

நஷ்ட ஈடு கேட்டாள். அது சாமி காரியம், வேலை அல்ல என்று தோட்டத்திலிருந்து பதில் வந்தது.

“அப்ப அன்னிக்குக் கூலிக் கணக்குல எனக்குப் பேர் போட்டது எதுக்கு? ஒரு கூடை பறிச்சேனே, அது எந்தச் சாமிக்கு?” என்று லயமே அதிரக் கத்தினாள்.

அவள் புருஷன் மலைச்சாமி பயந்துபோனான். “லயத்த விட்டு எறக்கிட்டா எங்க போய்க் கெடக்கிறது? வாய மூடு புள்ள.”

“எங்கப்பா வாய மூடிக்கிட்டுத்தான் கப்பல் ஏறுனாரு.”

வத்தலக்குண்டில் தொழிற்சங்கத்துக்கு வழக்காடுகிற இளம் வக்கீல் மரியசெல்வத்திடம் போனாள். அவன் மனுவை எழுதி முடிப்பதற்குள் அவனைப் பிழிந்து எடுத்துவிட்டாள்.

“‘வேலையின் காரணமாகவும் வேலையின் போதும்’னா?”

“வேலை நேரத்துல நடந்தா மட்டும் பத்தாதுங்கக்கா. வேலையாலதான் வந்துச்சுன்னும் காட்டணும். அவங்க எடம், அவங்க மெஷின், அவங்க செய்யச் சொன்ன காரியம். அது நிக்கும்.”

“‘நிரந்தரப் பகுதி ஊனம்’?”

“போனது திரும்பாது, அதனால நிரந்தரம். இன்னும் ஏதோ ஒரு வேலை செய்ய முடியும்னு பகுதி.”

“சட்டம் எழுதின தொரைய இந்தக் கையால ஒரு பழம் பறிக்கச் சொல்லுங்க பாப்போம்.”

மரியசெல்வம் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“நாந்தான் பாக்காமக் கைய விட்டேன்னு தோட்டத்துல சொன்னா?”

“அது கவனக்குறைவு. இந்தச் சட்டத்துல அது நம்மளக் கவுக்காது. ஆனா, தொழிலாளி பாதுகாப்புக்குப் போட்ட உத்தரவ வேணும்னே மீறினீங்கன்னு ஆயிட்டா, ஒண்ணுமே கெடைக்காது. எனக்கு அந்த ‘வேணும்னே’ மேலதான் பயம்.”

மனுவில் அவள் இடது பெருவிரலை வைத்தாள். ‘வலது பெருவிரல் இல்லாததால் இடது’ என்று அவன் பக்கத்திலேயே குறித்தான்.

1980 சித்திரையில் மதுரையில் நஷ்ட ஈட்டு அதிகாரி முன் விசாரணை. திருமலைச்சாமி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். தோட்டத்து வக்கீல் உரக்க வாசித்தார்: “மெஷின் அருகே போகக்கூடாது என்று கணக்கப்பிள்ளை உத்தரவிட்டுத் தடுத்தும், அதை வேண்டுமென்றே மீறி நானே கையை விட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் முழு மனதோடு எழுதிக்கொடுத்தது.” கீழே விபத்துக்கு அடுத்து வந்த தை மாதத் தேதி. அதன் கீழே ரேகை.

மரியசெல்வத்தின் முகம் செத்துவிட்டது. “இப்படி ஒண்ணு குடுத்தீங்களாக்கா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே” என்று கிசுகிசுத்தான்.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது. திருமலைச்சாமி பொய் சொல்லுவார், அது தெரிந்ததுதான். தாள் என்று ஒன்று வந்துவிட்டால் சொந்த வக்கீலும் அதைத்தான் நம்புவானா?

“அந்தத் தாள எங்கிட்டக் காட்டுங்க.”

“உனக்குப் படிக்கத் தெரியுமாம்மா?” என்று அதிகாரி கேட்டார்.

“எழுத்துத் தெரியாதுங்க. என் ரேக தெரியும்.”

தாள் கைக்கு வந்தது. கண்டியில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்ட தழும்பு, ரேகையின் குறுக்கே கோடாக ஓடியது. அவளுடையதுதான். மெஷின் தின்ற பெருவிரல், தாளில் முழுசாக உட்கார்ந்திருந்தது.

“கணக்கப்பிள்ள, இது எந்தக் கை?”

“வலதுதான். பொம்பளைக்கு வலதுதான வாங்குறது? கீழ எழுதியும் இருக்கே.”

“எப்ப வாங்குனீங்க?”

“ஆஸ்பத்திரியில இருந்து நீ வந்த பெறகு. அதுவும்தான் எழுதியிருக்கு.”

முந்தானையை விலக்கி வலது கையை மேசைமேல் வைத்தாள். அதிகாரி கையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மனுவைப் புரட்டி, இடது ரேகைக்குப் பக்கத்தில் இருந்த குறிப்பை வாசித்தார். பின்வரிசையில் யாரோ, “போன வெரலு ஒரு நடை வந்து வச்சிட்டுப் போயிருக்கும்ங்க” என்றார்கள். அறை முழுக்கச் சிரிப்பு.

தோட்டத்து வக்கீல் அவகாசம் கேட்டார். வராந்தாவுக்கு வந்ததும் திருமலைச்சாமி குழைந்தார். “அன்னக்கொடி, எதுக்கு இழுத்துக்கிட்டு? ராஜியாப் போயிருவோம்.”

“ராஜின்னா என்ன அர்த்தம்?”

“ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்குடுக்கிறது.”

“எம் பங்க அன்னிக்கே விட்டுக்குடுத்திட்டேன். உங்க மெஷினுக்குள்ள போய்த் தேடுங்க.”

மரியசெல்வம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். “மன்னிச்சிருங்கக்கா.”

“தாளப் பாக்குறதுக்கு முந்தி என் கையப் பாத்திருக்கணும் தம்பி” என்றாள்.

அந்த வருடம் முதல் பழம் எடுக்கிற வாரத்தில் உத்தரவு வந்தது. விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்தது. தோட்டம் நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும். அந்த வரியை மரியசெல்வத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். மலைச்சாமி அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. வெறும் தாளில் தன்னோடு ரேகை வைத்த பெண்களின் முகங்கள்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மறுநாள் வெள்ளனே, பெண்கள் கூடையோடு தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றார்கள். ஒருத்தியும் மலையேறவில்லை. அன்னக்கொடி முன்னால் நின்றாள்.

“எங்க ரேகையெல்லாம் வெளிய எடுங்க.”

“எந்த ரேக?” என்றார் திருமலைச்சாமி.

“எழுதாம வச்சிருக்கீங்களே, அது. இவளுகளுக்கு வெரல் இருக்கும்போதே வேணும்.”

அவர் மானேஜர் பங்களாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. இடுப்பில் சாவியைத் துழாவினார்.

“வெரசா எடுங்க கணக்கப்பிள்ள. அங்க பழம் காத்துக்கிட்டுக் கெடக்கு.”