ஆற்று வாயில் சிக்கிய குயுயி மீன்கள்

நெவாடா பாலைவனத்துப் பிரமிட் ஏரியை விட்டால் குயுயி மீனுக்கு உலகத்தில் வேறு வீடு கிடையாது. ஏரிக்கரைப் பையூட் பழங்குடிச் சனத்துக்கே ‘குயுயி தின்னிகள்’ என்றுதான் பெயர். ரொவீனா அந்தச் சனத்துப் பெண். பள்ளிக்கூடச் சலவைக்கூடத்தில் வேலை. புருஷன் எல்லிஸ் குதிரையிலிருந்து விழுந்து, கால் முறிந்து படுத்திருந்தான்.

வசந்தம் வந்தால் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறும். ஆனால் மேலே அணை கட்டி வயல்களுக்குத் தண்ணீரைத் திருப்பியதிலிருந்து ஆறு மெலிந்துகொண்டே வந்தது. போன வசந்தத்தில் ஒரு மீன்கூட ஏறவில்லை. இந்த வருஷமும் அப்படியே ஆகிவிடுமோ என்று ரொவீனா புருஷனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

“வரும், சும்மா இரு. நீ கவலைப்பட்டா தண்ணி ஏறிடுமா?” என்றான் எல்லிஸ்.

ஒரு காலையில் ஆற்று வாய்ப்பக்கம் கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்குவதைப் பார்த்தாள். மீன் வந்துவிட்டது என்று மண்வெட்டியும் சாக்குகளும் எடுத்துக்கொண்டு, நாத்தனார் ஐடெல்லாவை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஆறு ஏரியில் சேரும் இடத்தில் மணல் மேடு தட்டியிருந்தது. அதன்மேல் கணுக்கால் அளவுத் தண்ணீர். அதில் கறுத்த முதுகுகள் நெளிந்தன. முன்னேற முடியாமல், திரும்பவும் முடியாமல் குயுயிகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டன. பறவைகள் அலகால் அள்ளி அள்ளி விழுங்கின.

ரொவீனா மண்வெட்டியால் கால்வாய் வெட்டினாள். வெட்ட வெட்ட அலை மணலைத் தள்ளி மூடியது. மண்வெட்டியை வீசிவிட்டு, நனைத்த சாக்கில் மீனைச் சுருட்டித் தூக்கினாள்.

“அண்ணி, வீட்டுக்குத்தானே?”

“ஆத்துக்கு. மேட்டைத் தாண்டி ஆழத்துல விடணும்.”

“பிடிச்ச மீனைச் சுமந்துட்டுப் போய் விடுறவளை இப்பத்தான் பாக்குறேன்! எங்கண்ணன் காலு உடைஞ்சுது, உனக்கு மூளையே கழண்டுடுச்சு” என்று திட்டிக்கொண்டே ஐடெல்லாவும் ஒன்றைத் தூக்கினாள்.

பனி உருகி வந்த தண்ணீரில் கால்கள் மரத்துப்போயின. மதியத்தில் காற்று கிளம்பியது. திடீரென்று ஐடெல்லா சேற்றில் இடுப்புவரை இறங்கிவிட்டாள்.

“அண்ணி! கால் நிக்கலை!”

ரொவீனா கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துச் சாக்கை நீட்டினாள். ஐடெல்லா அதைப் பற்றிக்கொண்டு, அழுதபடியே ஊர்ந்து வெளியே வந்தாள். ஒரு செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது.

“போதும், வீட்டுக்குப் போ” என்றாள் ரொவீனா.

“நீ?”

ரொவீனா அடுத்த மீனைத் தூக்கினாள். ஐடெல்லா இன்னொரு செருப்பையும் கழற்றி வீசிவிட்டுச் சாக்கை எடுத்தாள். பொழுது சாயும்வரை சுமந்தார்கள். மேட்டில் செத்துக் கிடந்தவைதான் அதிகம்.

அதன்பின் ரொவீனா தினமும் ஆற்றங்கரைக்குப் போனாள். தண்ணீர் இறங்கியபடி இருந்தது. விட்ட மீன்கள் இட்ட முட்டைகள் காய்ந்துவிடும் என்று பயந்தாள். சில வாரம் கழித்து ஒரு நாள், வில்லோ மரத்தடி மடுவில் முடியிழை போன்ற குஞ்சுகள் ஏரிப்பக்கம் மிதந்து போவதைக் கண்டாள்.

“நம்ம மீன்தானா?” என்று கேட்டான் எல்லிஸ்.

“இவ்வளவு சின்னதுல எப்படித் தெரியும்? ஏரிவரைக்கும் தண்ணி இருக்கணுமே, எல்லிஸ்.”

அவன் தடியை ஊன்றி எழுந்தான். “வா, ஆத்தைப் பாத்துட்டு வரலாம்” என்றான்.