பீங்கான்காரியின் வேலைக்கு ஆள் தேவை

தன் வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தை அவளே லேப் கதவில் ஒட்டினாள். ஒரு மூலை கோணலாகப் போயிற்று. பிய்த்து, நேராக மறுபடி ஒட்டினாள்.

அவள் பல் செய்கிறவள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக வைத்துச் சூளையில் சுட்டெடுப்பாள். எது கூடப் பிறந்த பல், எது அவள் செய்தது என்று மருத்துவரே தடுமாறுவார். மூன்றே பேர் உள்ள அந்த லேப்பில் அவளுக்குப் பெயர் பீங்கான்காரி.

இந்த நாட்டுக்கு வந்தது கணவனின் படிப்பு விசாவில். அவன் படிப்பு முடிந்துவிட்டது. இனி முதலாளியம்மா பொறுப்பேற்று இவளுக்கு வேலை விசா வாங்கினால்தான் இவளும் கணவனும் மூன்றாம் வகுப்பு மகளும் இங்கே இருக்க முடியும். இல்லையென்றால் ஜூன் கடைசிக்குள் கிளம்ப வேண்டும்.

வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ளும் உரிமத்தை முதலாளியம்மா வாங்கிவிட்டாள். உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குக் குறையாத ஒப்பந்தம் தயார். பழைய லேப்பின் அனுபவச் சான்று, காவல்துறைச் சான்று, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் கோப்பில் ஏறியாயிற்று. மிச்சம் ஒன்றுதான். நான்கு வாரம் விளம்பரம் செய்தும் தகுதியான உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். யாராவது வந்தால் சோதனை வைத்து, முடிவை எழுதி, வந்தவரின் கையெழுத்தையும் வாங்கி அனுப்ப வேண்டும்.

மூன்று வாரம் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. நான்காவது வாரத்தின் கடைசி நாள் ஒரு பெண்மணி வந்தாள். ஐம்பதை நெருங்கிய வயது. ஏழு வருடம் வேலை பார்த்த பல் லேப் மூடிவிட்டதாம்.

"பீங்கான் பத்தித் தெரிஞ்சது நீ ஒருத்திதான். நீயே டெஸ்ட் வை" என்றாள் முதலாளியம்மா.

பல்லுக்கு மெழுகில் உருப்பிடிக்கும் மெழுகுக்காரர் கிசுகிசுத்தார். "முன்பல்லக் குடும்மா. அதுல மூணு கலர் வரணும். அஞ்சே நிமிஷத்துல ஓடிடுவாங்க."

"போங்கண்ணா. பாவம் அவங்க."

சாதாரணக் கடைவாய்ப்பல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பீங்கான்காரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வந்தவளின் கைவேலை சுத்தம். ஆனால் ஈரத்தை ஒற்றி எடுக்காமலே அடுத்த அடுக்கை வைக்கப் போனாள். அப்படி வைத்தால் சூளையில் வெடித்துவிடும். முதல் அடுக்குவரை பீங்கான்காரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் முடியவில்லை.

"அக்கா, அந்தத் துணியால லேசா ஒத்துங்க. தேய்க்காதீங்க... ஆங், அப்படித்தான்."

கொஞ்ச நேரத்தில் தூரிகையே இவள் கைக்கு வந்துவிட்டது. பல்லின் விளிம்புக்குப் பளபளப்பு தரும் கண்ணாடிப் பொடி எவ்வளவு என்று காட்டிக்கொண்டிருந்தாள். மெழுகுக்காரர் இரண்டு முறை இருமிப் பார்த்தார். பயனில்லை.

"என்னடி பண்ற?" முதலாளியம்மா வாசலில் நின்றாள். "உன் வேலையப் பிடுங்க வந்தவங்களுக்கு நீயே கிளாஸ் எடுக்கிறியா?"

தூரிகை நின்றது. "வெடிச்சிடும்மா. பாத்துட்டு எப்படிச் சும்மா நிக்கிறது?" சொன்ன பிறகுதான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது.

சூளையிலிருந்து பல் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலாளியம்மா முடிவை எழுதும் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"பல்லு நல்லா வந்திருக்கும்மா" என்றாள் பீங்கான்காரி. "நான் வாயத் தொறந்தது என் தப்பு. அதுக்காக அவங்களக் கழிச்சிடாதீங்க."

வந்தவள் கையை நீட்டினாள். "பேனாவக் குடுங்க."

"எதுக்கு?" என்றாள் முதலாளியம்மா.

"எனக்கு வேலை வேணும், இல்லேங்கல. ஆனா ஏழு வருஷமும் நான் பாத்தது பல் அச்சுல பிளாஸ்டர் ஊத்துற வேலை. பீங்கானப் பக்கத்துல நின்னு பாத்ததோட சரி. இந்தப் பல்லுல பாதி இவங்களுது. நாளைக்கு ஒருத்தர் வாயில போறது... தெரியாததத் தெரியும்னு எழுத மாட்டேன்."

படிவத்தில் அவளே எழுதினாள்: சொல்லிக்கொடுத்த பிறகே செய்தேன், தனியாகச் செய்ய வராது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

"அப்போ பிளாஸ்டர் ஊத்த வாங்களேன்" என்றார் மெழுகுக்காரர். "அதையும் நானே பாத்து முதுகு போச்சு."

முதலாளியம்மா தலையில் கை வைத்தாள். "அதுக்கும் நாலு வாரம் விளம்பரமா?"

"நான் உள்ளூர்க்காரிம்மா" என்றாள் வந்தவள். "என்ன வெச்சுக்க யாரையும் கேக்க வேணாம்."

கோப்பு அன்றே போனது. பதில் வந்தது ஜூன் பத்தொன்பதாம் தேதி. அப்போது பீங்கான்காரியின் இரண்டு கையும் வேலையில் இருந்தன. முதலாளியம்மா பிரிக்கப் பயந்து கடிதத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். பிளாஸ்டர்க்காரிதான் வாங்கிப் பிரித்தாள்.

"குடுத்துட்டாங்கம்மா. உனக்கு, உன் வீட்டுக்காரருக்கு, பாப்பாவுக்கு. மூணு பேருக்கும்."

பீங்கான்காரி அந்த அடுக்கை முடித்துவிட்டுத்தான் அழுதாள்.