தையில் குடிவந்தவர்கள் பார்க்காத மரம்

மேடவாக்கம் தாண்டும்போது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். பள்ளிக்கரணையில் கட்டடம் முடிந்துவிட்டது. நான் காவலுக்குப் படுத்திருந்த தகரக் கொட்டகையைக் காலையில்தான் பிரித்தார்கள். இரும்புலியூரில் ஒரு குடியிருப்புக்கு வாட்ச்மேன் தேவை என்று கம்பி கட்டுகிறவர் ஒருவர் சொல்லியிருந்தார். போய்ச் சேர்ந்தபோது அங்கே வேறொருவர் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயதானவர். திரும்பி நடந்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு இஸ்திரி வண்டி நின்றது. வண்டிக்காரப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டேன். சொம்பைக் கொடுத்தார். குடிக்க அண்ணாந்தபோது மரத்தைப் பார்த்தேன். மாடி வீட்டின் சுற்றுச்சுவருக்குள் நின்று தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு இலை இல்லை.

மரங்களை நான் படித்துத் தெரிந்துகொண்டவன் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனது. கண்ட இடத்தில் படுக்கிறவனுக்கு மேலே நிற்பது என்ன என்று தெரிந்தாக வேண்டும். நறுவிலிப் பழத்தைப் பசிக்குத் தின்று, விரலெல்லாம் பசையாகி, கழுவத் தண்ணீர் இல்லாமல் அலைந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த இலை மறக்கவில்லை. மற்ற மரங்களும் ஏறக்குறைய அப்படித்தான் மனதில் தங்கின.

இலையில்லாத மரம் என்றதும் வாகை என்று நினைத்தேன். வாகையானால் காய்ந்த நெற்று காற்றில் சலசலக்கும். இதில் சத்தமே இல்லை.

"இன்னாண்ணா, மரத்துக்கு ஜாதகம் பாக்கறியா?" என்றார் அந்தப் பெண்.

"இது என்ன மரம் அக்கா?"

"செத்த மரம். நாளைக்கு வெட்டறாங்க. இது போச்சுன்னா இந்த எடத்துல செவுத்த ஒடச்சி புது கேட்டு வருமாம். நான் வண்டிய எங்க தள்ளிகினு போறது? முன்ன மெயின் ரோட்டாண்ட இருந்தேன், கால்வாய் தோண்டறோம்னு தொரத்திட்டாங்க. இங்க வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது."

இஸ்திரி போட்ட துணிகளின் மேல் சிறிய பச்சைக் காய்கள் சிதறிக் கிடந்தன. பட்டாணியைவிடச் சிறியவை, விரலால் அமுக்கிவிட்டதுபோலத் தட்டை.

"இது எங்கிருந்து விழுது?"

"காக்கா எங்கியோ கொத்திகினு வந்து போடுது. ஒரே பேஜாரு. வெள்ளச் சட்டை மேலதான் கரெக்டா போடும்."

மறுபடி அண்ணாந்தேன். மொட்டைக் கிளைகளின் நுனியில் அதே காய்கள் சரம் சரமாகத் தொங்கின. கீழிருந்து பார்த்தால் காய்ந்த பூக்காம்பு மாதிரிதான் தெரியும். சாம்பல் நிறப் பட்டையை நகத்தால் கீறினேன். உள்ளே ஈரச் சிவப்பு.

"அக்கா, இது ஒதியன். சாகலை. மார்கழியில இலையைக் கொட்டிடும். மொட்டையா நின்னே பூத்துக் காய்க்கும்."

"அப்ப எப்ப நெழல் குடுக்கும்?"

"கத்திரி வெயில் முடிஞ்சு."

"வெயில் போனப்புறம் நெழலா. நல்லா கீது போ" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மெய்யாலுமா உசுரோட கீது? வூட்டுக்காரராண்ட சொல்லுவியா?"

வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர்போல இருந்தார். என் வெறும் காலைப் பார்த்தபடியே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "செத்த மரத்தை வச்சுக்கிட்டு மழைக்காலத்துல எப்படிங்க தூங்கறது? கார் மேல விழுந்தா பரவாயில்லை, ரோட்ல போறவங்க மேல விழுந்தா?"

"இந்த வீட்டுக்கு எப்ப வந்தீங்க சார்?"

"தை மாசம்."

மார்கழியில் யாரும் வீடு மாறுவதில்லை. ஒதியன் மார்கழியிலேயே மொட்டையாகிவிடும். தையில் வந்தவர் இதன் இலையைப் பார்த்திருக்கவே முடியாது. வண்டிக்காரப் பெண்ணும் அப்படித்தான். எதிரே இருந்த வீடுகளும் புதியவை, சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. இந்த மரத்தைப் பச்சையாகப் பார்த்த ஒருவரும் அந்தத் தெருவில் இல்லை.

காய்களை அவர் கையில் போட்டேன். "செத்த மரம் காய்க்குமா சார்?"

அவர் மேலே பார்த்தார். பிறகு தாமே பட்டையைக் கீறிப் பார்த்தார். "ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாதுன்னு சொல்வாங்களே, அதுவா?"

"அதேதான். உத்தரத்துக்கு ஆகாது. நிழலுக்கு ஆகும்."

"சரி, தழையட்டும், பார்ப்போம். புது கேட் வேலையும் அதுவரைக்கும் நிக்கட்டும். ஆனா அந்தக் கிளை?" கார் நிற்கும் இடத்துக்கு மேலே நீண்டிருந்த பெரிய கிளையைக் காட்டினார். அதன் நுனியில் ஒரு காய்கூட இல்லை. பட்டை செதில் செதிலாக விட்டிருந்தது. அது செத்ததுதான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னார்: "அதையாவது எடுத்தாகணும். வெட்டற ஆளுங்க ஒரு கிளைக்கெல்லாம் வரமாட்டோம், எடுத்தா மொத்தமாத்தான்னு சொல்லிட்டாங்க. நீங்க ஏறுவீங்களா?"

முருங்கையிலும் ஒதியனிலும் மரமேறத் தெரிந்தவர்களே ஏற மாட்டார்கள். முறியும் மரம். வண்டிக்காரப் பெண் பெட்டியில் கரியைக் கிளறியபடி எங்கள் பக்கம் பார்க்காமல் இருந்தார்.

"காலையில வரேன் சார்" என்றேன்.

அன்றிரவு தாம்பரம் பேருந்து நிலையத்தில் படுத்தேன்.

விடிந்ததும் போனபோது வண்டியைத் தெருவின் மறுபக்கம் தள்ளி நிறுத்தியிருந்தார் அந்தப் பெண். காரும் வெளியே நின்றது. வீட்டுக்காரர் கயிறும் ரம்பமும் எடுத்துவைத்திருந்தார். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டேன். ரம்பத்தை முதுகில் மாட்டிக்கொண்டேன். செருப்பு இல்லாதது வசதியாகத்தான் இருந்தது.

"பாத்துண்ணா" என்றார் வண்டிக்காரப் பெண்.

ஒவ்வொரு கிளையிலும் கால் வைக்கும் முன் நகத்தால் கீறினேன். சிவப்பாக இருந்தால் காலை வைத்தேன். பழுப்பாக இருந்தால் விலகினேன். அப்படியே ஏறி அந்தப் பெரிய கிளையின் அடிக்கு வந்தேன். அங்கேயும் கீறிப் பார்த்தேன். பழுப்பு. ரம்பத்தை எடுத்தேன்.