மேல் லயத்தில் நான் தவிர்த்த வரி

எனக்கு எக்செல் போதும் என்று சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். இப்போது கொழும்பில் மென்பொருள் எழுதுகிறாள். நான் பூண்டுலோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் நலன்புரி அலுவலகத்தில், எந்த லயத்து வரிசை வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியலை வைத்திருந்தேன். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அதைப் பார்த்துத்தான் ஆட்களை இறக்குவார்கள்.

"இது பட்டியலாடி? சந்தைக்கடை," என்றாள், லீவில் வந்தவள். "ஒரு எடத்துல 'ஆறு'ன்னு போட்டிருக்க. கீழேயே 'ஆறு, இஸ்தோப்பு'ன்னு போட்டிருக்க. இத எந்த மெசினு படிக்கும்?"

"சும்மா கெடக்குற சங்க ஊதிக் கெடுக்காத," என்றேன். ஆனால் போன வருடம் பெயர்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கி, வீட்டு எண்களை அப்படியே விட்டுவிட்டு, நாள் முழுக்க அழுதவள் நான்தான். கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

மூன்று நாள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். படிவத்தை இழுத்து வைத்தாலே தரவுத்தளம் தயாராகிவிடும் டூல் ஒன்று. அது எனக்குப் பிடித்தது, தொட்டவுடன் கை ஓடியது. அவளுக்குப் பிடித்தது கறுப்புத் திரையில் வரிவரியாகக் கட்டளை எழுதுவது. "உன்னோடது எதக் குடுத்தாலும் முழுங்கும். என்னோடது தப்பான ஒண்ணையும் உள்ள விடாது," என்றாள். கடைசியில் உள்ளே அவளுடைய கட்டளைகள், வெளியே எனக்கான படிவம் என்று ஒத்துக்கொண்டோம். லயத்து அறையான ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம், ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது என்பது அவள் வைத்த விதி. லயத்தில் பிறந்து வளர்ந்த நான் அதற்குத் தலையாட்டினேன். அவளும் லயத்தில் பிறந்தவள்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு எரிகிறது.

பழைய பட்டியலை ஏற்றும்போது மேல் லயம் ஆறாம் காம்பராவில் சிவப்பு எழுத்து வந்தது: இந்த எண் ஏற்கெனவே உள்ளது. அங்கே அண்ணன் தம்பி இருவர்; அண்ணன் குடும்பம் உள்ளே இருந்தது. சண்டை போட்டுப் பிரிந்த தம்பி, முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையைத் தகரத்தால் அடைத்துத் தன் மனைவியோடு தனி உலை வைத்திருந்தான். எனக்குத் தெரியாததா? ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. தம்பி குடும்பத்து வரிக்கு 'தவிர்' என்பதை அழுத்திவிட்டு ஓடினேன்.

அடுத்த மாதம் ஐந்து நாள் விடாமல் மழை. மேல் லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்புக் கண்டதும், உடனே இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. தம்பிக்காரன் கொழும்பில் கடை வேலையில் இருந்தான். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா நான் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு, காலையில் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற அதே குரலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு லாரியில் ஏற்றினார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்தது. "ஒக்கோம ஆவத?" என்று கிராம சேவகர் கேட்டார். எல்லாரும் வந்தாயிற்று என்று நானே சிங்களத்தில் பெருமையாகச் சொன்னேன். தேத்தண்ணி ஊற்றினார்கள். ஆறாம் காம்பராவின் அண்ணன் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒங்க கொழுந்தன் பொண்டாட்டி எங்கக்கா? பிள்ள பெத்துப் பத்து நாளுதானே?" சும்மாதான் கேட்டேன்.

"அவ பேரு வரலயே. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையும் இல்ல. அடுத்த லாரியில வருவான்னு இருந்துட்டோம்."

அடுத்த லாரி கிடையாது. கண்டாக்கு ஐயாவிடம் ஓடினேன். அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல அந்தப் புள்ள பேரு இல்லையே."

"இல்லீங்க ஐயா. நான்தான் விட்டுட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. லாரியைத் திருப்பச் சொன்னார். பாதையில் பாதி சேறு. மேட்டிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்துகொண்டிருந்தன. நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

தம்பிக்காரன் மனைவி இஸ்தோப்புக்கு வெளியே கூரையை ஒட்டி நின்றிருந்தாள். துவாயில் சுற்றிய பிள்ளை, காலடியில் ஒரு பை. தகரக் கதவைப் பூட்டிச் சாவியும் கையில் வைத்திருந்தாள்.

"எல்லாரும் போறதப் பாத்தல்ல? ஏன் ஏறல?" என்று கத்தினேன். பயத்தில் கோபம்தான் வந்தது.

"எங்க பேரு கூப்பிடலீங்களே அக்கா."

பெரட்டில் பெயர் கூப்பிடாமல் யாரும் மலை ஏறுவதில்லை. கொழுந்து எடுக்க வந்த நாளிலிருந்து அவள் அப்படி நின்றே பழகியவள். பையைத் தூக்கிக்கொண்டு அவளை இழுத்தேன். லாரிப் படியில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"இப்பப் பேரு ஏறிருச்சுங்களா?"

ஈரக் கையோடு தாளின் பின்பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். பிள்ளையின் பெயரைக் கேட்டேன். இன்னும் வைக்கவில்லை என்றாள். பெயர்ப் பெட்டி காலியாக இருந்தால் எங்கள் படிவம் சேமிக்க விடாது. அந்த விதிக்கும் தலையாட்டியவள் நான்தான். தாளில் 'பிள்ளை' என்று எழுதிக் காட்டினேன். இரண்டு வரியையும் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.