கால்விரலில் கட்டிய தூண்டில் நரம்பு

கருங்குழி ரெஜினாவின் மேசையிலிருந்து ஒரு செல்லாக்காசைக்கூட எவனும் களவாடியதில்லை. பழங்காசுக் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும், தன் தட்டு ஒவ்வொன்றிலும் தூண்டில் நரம்பைக் கட்டி, மேசைக்கடியில் இறக்கி, கால் கட்டைவிரலில் முடிந்துகொள்வாள். தட்டு நகர்ந்தால் விரல் துடிக்கும். செங்கல்பட்டில் ஒருமுறை திருடனும், அவனைப் பிடிக்க வந்த போலீசும், போலீசைத் துரத்தி வந்த நாயும் ஒரே நரம்பில் சிக்கியதாகப் பேச்சு. நாய்தான் முதலில் மன்னிப்புக் கேட்டதாம்.

அவள் முன்பு ஜிஎஸ்டி சாலை ஓட்டலொன்றில் கல்லாவில் இருந்தவள். கைக்கு வந்த விசித்திரக் காசுகளைத் தன் காசு போட்டு மாற்றி வைத்துக்கொண்டதில் தொடங்கிய பிழைப்பு இது. அப்படிக் கிடைத்ததுதான் அந்த ஐந்து ரூபாய். எண் இருக்கவேண்டிய பக்கத்திலும் சிங்கமே விழுந்திருந்தது. அச்சுப்பிழைக் காசென்றால் உயிரை விடுகிற ஒருவர், அதை வாங்க இன்று மத்தியானம் சென்னையிலிருந்து மாமல்லபுரம் கல்யாண மண்டபத்துக்கு வருகிறார். அவர் கொடுப்பதைக் கட்டினால்தான் மகள் ஜெபாவுக்கு நர்சிங் சீட். நாளை கடைசி நாள்.

தட்டில் வைக்க மனம் வரவில்லை. சில்லறை டப்பாவில், மற்ற ஐந்து ரூபாய்களுக்கு நடுவே போட்டுவிட்டாள். எந்தத் திருடன் சில்லறையைக் கிளறப்போகிறான்? அது எங்கே இருக்கிறது என்று புருஷன் ஸ்டான்லியிடம்கூட மூச்சுவிடவில்லை. அவன் காதில் போட்டால் கோயில் ஒலிபெருக்கியில் போட்டது போல.

காலையில் பக்கத்து மேசைக்கு வந்த ஒருவன், அந்த மேசைக்காரர் அம்பியின் தபால்தலை ஆல்பத்தை மடக்குக் குடைக்குள் நழுவவிட்டான். ரெஜினா பார்த்துவிட்டாள். நரம்புகளை உதறி, ஸ்டான்லியை உட்காரவைத்து, வாசல்வரை ஓடிக் குடையோடு அவனைப் பிடித்து, போலீஸ் வரும்வரை அரைமணி நேரம் நிறுத்திவைத்தாள். மண்டபமே கைதட்டியது.

"நீங்க இல்லேன்னா நான் இன்னிக்கு நடுத்தெருவிலேதான் நின்னிருப்பேன்" என்றார் அம்பி.

பெருமையோடு திரும்பியவள் டப்பாவைப் பார்த்தாள். ஐந்து ரூபாய் ஒன்றுகூட இல்லை.

"இதுல இருந்த அஞ்சு ரூபாலாம் எங்க?"

"டீ விக்கிற செங்கம்மா சில்ற கேட்டுச்சு. அள்ளிக் குடுத்துட்டு நோட்டு வாங்கி வச்சிகீறேன், பாரு" என்றான் ஸ்டான்லி.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"சில்றைக்கு இன்னாத்துக்குடி உத்தரவு?"

அவள் நோட்டைத் தொடவே இல்லை. வாசலுக்கு ஓடினாள். செங்கம்மாள் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, மூஞ்சி சுண்டக்கா வத்தலாட்டம் கீது?"

ரெஜினா அவள் காசையெல்லாம் மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் ஒரு பக்கம் எண் ஒழுங்காக இருந்தது.

"இதுல யாருக்குனா குடுத்தியா?"

"ஒர்த்தருக்கும் இல்ல. வெள்ளிக்கெழமையாச்சே, தெருமுன எல்லையம்மன் உண்டியல்ல மட்டும் ஒரு பிடி போட்டேன். வாராவாரம் போடறதுதான்."

ரெஜினா மேசையை அம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்டான்லியைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கோயிலைப் பார்த்துக்கொள்கிற வரதன் நடந்ததை முழுக்கக் கேட்டார்.

"உண்டியல் அம்மனோட வாய்மா. முழுங்கினத வாந்தி எடுக்கச் சொல்றியா? ஆடி முடிஞ்சு, பெரியவங்கல்லாம் வந்து நின்னாத்தான் தொறப்பு."

"நாளைக்குள்ள வேணும் அண்ணாத்த. எம் பொண்ணு படிப்பு அது."

"ரெண்டு பக்கமும் சிங்கம்னு சொல்ற. எங்க அம்மன் அத வாகனமாக்கி ஓட்டிக்கினு போயிருப்பா." சிரித்துக்கொண்டே சாப்பிடப் போய்விட்டார்.

அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ரெஜினா குனிந்து பூட்டைப் பார்த்தாள். சின்னப் பூட்டு. துருப்பிடித்தது. இத்தனை காலம் காவல்காரியின் கண்ணால் பூட்டுகளைப் பார்த்தவளுக்கு, இதில் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று முதல்முறையாகத் தெரிந்தது. கை தானாகக் கொண்டைக்குப் போய் ஊசியை உருவியது.

போன் அடித்தது. ஜெபா.

"அம்மா, அவரு வந்துட்டாரா?"

"வந்துகினு கீறாரும்மா" என்று வைத்துவிட்டாள்.

ஊசியைச் சற்றுநேரம் பார்த்தாள். அதை மறுபடி கொண்டையில் குத்திக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த நரம்பை எடுத்தாள். ஒரு முனையைப் பூட்டில் முடிந்தாள், மறுமுனையை ஸ்டான்லியின் கால் கட்டைவிரலில் இறுகக் கட்டினாள்.

"இன்னா பண்ற? இத எவன் திருட வரப்போறான்?"

ரெஜினா கோயில் படியில் உட்கார்ந்தாள்.

"நான்தான்" என்றாள். "அசைஞ்சா கத்து."