இரண்டாம் தடவை கேட்காத ஊர்

இந்த ஊரில் "காபி வேண்டுமா?" என்று ஒரு தடவைதான் கேட்பார்கள். நாமோ முதலில் "இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி கேட்பார்கள் என்று உட்கார்ந்திருப்போம். ஜெர்மனிக்கு வந்த புதிதில் நான் அப்படிச் சொன்னதும் என் மேலதிகாரி அன்கே கெட்டிலோடு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும்.

எனக்கு வேலை மொபைல் ஆப்களைச் சோதித்துப் பார்ப்பது. ஒரு ஆப்புக்குள் லைப்ரரிகள் பல இருக்கும்; ஒவ்வொரு வேலைக்கென்று பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகள். போன மாதம் ஒரு மருந்துக்கடை ஆப்பில், பணம் கட்டும் லைப்ரரியும் படம் எடுக்கும் லைப்ரரியும் மூன்றாவதாக ஒரு லைப்ரரியை நம்பியிருந்தன. முன்னதற்கு அதன் பழைய வெர்ஷன் வேண்டும், பின்னதற்குப் புதியது. ஆப்பில் ஏதாவது ஒன்றுதான் ஏறும். ஊரைக் கூட்டுவானேன் என்று, சோதனைப் பதிப்பில் மட்டும் பழையதை எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். படம் எடுப்பதும் பழையதிலேயே எப்படியோ ஓடியது; சோதனையெல்லாம் பச்சை, அதாவது பாஸ். அடுத்த வெள்ளிக்கிழமை வெளியீடு என்றிருக்கையில், மக்களுக்குப் போக வேண்டிய பதிப்பை அன்கே தன் போனில் போட்டுப் பார்த்தார். அதில் புதியது ஏறியிருந்தது. பணம் கட்டும் பக்கத்தைத் திறந்ததுமே ஆப் மூடிக்கொண்டது. இரண்டும் மோதுவது எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். "பிறகு ஏன் சொல்லவில்லை?" கோபமில்லை; நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அதே வெள்ளிக்கிழமைதான் விருத்தாசலத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. கொளஞ்சியப்பர் கோயிலில், தாய்மாமன் என் மடியில் வைத்து. செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை லீவு சொல்லியாயிற்று. சேத்தியாத்தோப்பிலிருந்து அவர் சனங்கள் வர வேன் பேசியாயிற்று. எனக்கென்று பட்டுவேட்டி எடுத்து, அதைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தாள் தங்கை. அன்கேவுக்கும் இந்தப் பயணம் தெரியும். "நீங்கள் கிளம்புங்கள், இதை நான் சரிசெய்கிறேன்" என்றார்.

"வேண்டாம், நானே பார்க்கிறேன்" என்றேன். வாய்வார்த்தைக்குச் சொன்னதுதான். இன்னொரு தடவை சொல்வார், சரியென்று கிளம்பலாம் என நின்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். தப்புச் செய்த நான் அவர் பின்னாலேயே ஓடி, இல்லையில்லை போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

தங்கைக்குப் போன் போட்டு, வர முடியாது போலிருக்கிறது என்றேன். ஒரு கரண்டி சோறு கூட வைப்பதற்கே நாலு தடவை கெஞ்சுகிறவள். அழுவாள், திட்டுவாள், எப்படியாவது வாண்ணா என்பாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்கேயிடம் போய் நிற்கலாம் என்று காத்திருந்தேன்.

"சரிண்ணா. மடிக்கு ஆளா இல்ல, பெரியப்பா மவன் செல்வம் அண்ணன் இருக்குறாங்க. நீ வேலையப் பாரு."

அவளும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

நான் எழுதிய வரியை எடுத்தேன். புதிய வெர்ஷனோடு ஒத்துப்போகும் பணம் கட்டும் லைப்ரரியைத் தேடிப் போட்டு, இந்தத் தடவை மக்களுக்குப் போகும் பதிப்பையே சோதித்தேன். வெள்ளிக்கிழமை திரையில் பச்சை விழுந்தபோது ஊரிலிருந்து படம் வந்திருந்தது. செல்வம் அண்ணன் மடியில் குழந்தை வாய்விட்டு அழுகிறது. அவர் கட்டியிருந்தது எனக்கு எடுத்த வேட்டி.

அன்கே கெட்டிலோடு வந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் "வேண்டும்" என்றேன்.