யாரைக் கேட்டு இளைச்சே?

எங்கள் தையல் கம்பெனியில் அவனுக்குப் பெயர் ‘உடம்பு’. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், அது யாருக்கு வேண்டும்? பருமனானவர்களுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற இடம் எங்களுடையது. மாதிரிச் சட்டை தயாரானதும் கட்டிங் மாஸ்டர் மேஜையைத் தட்டி, “உடம்பக் கூப்பிடு” என்பார். அவன் செக்கிங் மேஜையிலிருந்து மூச்சு வாங்க எழுந்து வந்து பலகைமேல் ஏறி நிற்பான். சட்டையை மாட்டி, அக்குளில் பிடித்து, வயிற்றில் இழுத்து, குண்டூசி குத்துவார்கள். அந்த அளவுதான் மொத்தச் சரக்குக்கும். ஊசி துணியைத் தாண்டி உள்ளே போய் அவன் துள்ளினால், “இவ்வளவு சதையில உனக்கு எப்படிடா தெரியுது?” என்று மாஸ்டர் நிஜமாகவே ஆச்சரியப்படுவார்.

அவன் லீவு போட்ட நாட்களில் ஒருவன், “இன்னைக்கு உடம்பு சரியில்லையாம்” என்று ஆரம்பிப்பான். “உடம்புக்கே உடம்பு சரியில்லையா” என்று இன்னொருவன் முடிப்பான். வருஷக்கணக்காக இதே ஜோக். புளித்துப்போன ஜோக்குக்குத் தினமும் புதிதாகச் சிரிக்க அந்த ஜென்மங்களால்தான் முடியும்.

நான் பக்கத்தில் காஜா மெஷினில் பட்டன் துளை போடுகிறவள். அவன் குடியிருந்த கட்டடத்திலேயே கீழ்வீடு எனக்கு, மேல்மாடி அவனுக்கு. என்னை அக்கா என்பான்.

ஒருநாள் மகளின் டீச்சரைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். வகுப்பு பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. மேஜைக்கும் பெஞ்சுக்கும் நடுவே வயிறு மாட்டிக்கொண்டது. வாட்ச்மேன் வந்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார். யாருடி அது என்று சிநேகிதிகள் கேட்டதற்கு மகள் ‘பக்கத்து வீட்டு மாமா’ என்றிருக்கிறாள். அது அவன் காதில் விழுந்துவிட்டது.

இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையா அது என்று கேட்டேன்.

“அவளத் திட்டாதீங்கக்கா. ஒரே ஒரு தடவை அவ சிநேகிதிங்க முன்னாடி ‘எங்கப்பா’ன்னு சொல்லணும். எனக்கு அது போதும்.”

மறுநாள் விடிவதற்கு முன்னால் மாடிப்படியில் ஏதோ பீரோவை உருட்டுகிற மாதிரி சத்தம். கதவைத் திறந்து பார்த்தால், இவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறான். முதல் மாடி திரும்புவதற்குள் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வேர்வை. “இன்னும் ஒரு படிடா, ஒரே ஒரு படி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி எழுந்தான். போய்ச் சேர்ந்துவிடப் போகிறான் என்று சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சாகவில்லை. தினமும் ஏறினான். காய்ச்சலன்றும் ஏறினான். தூக்கம் கெடுகிறது என்று நடு மாடிக்காரர் சண்டைக்கு வந்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினான். பிறகு மொட்டைமாடியில் தண்டால். முதலில் குப்புற விழுந்து கிடப்பதைத்தான் தண்டால் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மெல்ல மெல்ல நெஞ்சு தரையைவிட்டு எழும்பியது. டிபன் கேரியரில் ஒரு அடுக்கு குறைந்தது. இடுப்பில் பெல்ட்டுக்குப் புதுத் துளை வேண்டும் என்று என்னிடம் கேட்டான். நாள் முழுக்கத் துளை போடுகிறவளுக்கு இது பெரிய வேலையா? ஆணியை வைத்து ஓங்கி அடித்துக் கொடுத்தேன்.

கம்பெனியில் ஒரு பயலும் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? அவனை யாராவது என்றைக்காவது பார்த்திருந்தால்தானே! பலகையில் அவன் ஏறினால் எல்லோர் கண்ணும் சட்டைமேல்தான். சட்டை தொளதொளத்தால் மாஸ்டர் வெட்டியவனைத் திட்டிவிட்டு, ஊசியை உள்ளே தள்ளிக் குத்தினார். டேப் தப்பு பண்ணும், உடம்பு தப்பு பண்ணாது என்பது அவருடைய வேதம். அவனே ஒருநாள், “சார், நான் எளைச்சிருக்கேன், எதுக்கும் டேப் வெச்சுப் பாத்துடுங்க” என்றான். மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஆசையப் பாரு” என்றார். கூடமே குலுங்கிச் சிரித்தது.

போன சரக்கு திரும்பி வந்தது. பெட்டி பெட்டியாக வந்து வாசலை அடைத்தது. பெரிய சைஸ் சட்டை எவனுக்கும் தொப்பைமேல் பட்டன் எட்டவில்லையாம்.

முதலாளியே நேரில் வந்தார். அவனைப் பலகையில் ஏற்றி, வருஷக்கணக்கில் முதல் தடவையாக வயிற்றைச் சுற்றி டேப்பை ஓட்டினார்கள். மாஸ்டரின் முகம் செத்துப்போயிற்று. உடனே சுதாரித்துக்கொண்டு, “திருட்டுத்தனமா எளைச்சிருக்கான் சார்” என்றார்.

முதலாளி அவனை அண்ணாந்து பார்த்தார். “யாரைக் கேட்டு இளைச்சே?”

எனக்குப் பொறுக்கவில்லை. இளைத்ததை அவனே மாஸ்டரிடம் சொன்னான், என் இரண்டு காதாலும் கேட்டேன் என்றேன். உன் மெஷினைப் பாரு என்றார் முதலாளி. சிரித்த கூடத்தில் ஒருவனுக்கும் அது ஞாபகம் இல்லை. எல்லோரும் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள், பாவிகள்.

“ஆரோக்கியமா இருக்கேன் சார். முன்னவிட நல்லாவே செக்கிங் பார்ப்பேன்” என்றான் அவன், பலகையிலிருந்து இறங்காமலே.

“செக்கிங்குக்கா உன்னை வெச்சிருந்தோம்?” என்ற முதலாளி, அப்போதே கணக்கை முடிக்கச் சொல்லி அவனைப் பலகையிலிருந்து இறக்கினார்.

அதற்குள் சரக்கு ஏற்றுகிற பக்கத்திலிருந்து ஒரு தடியனைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை, கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். “உடம்பக் கூப்பிடு” என்றார் மாஸ்டர். பழக்கதோஷத்தில் இவனும் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டான்.

எனக்குக் கை ஓடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு அவனோடு கிளம்பினேன். வழியெல்லாம் அவன் நடை வேகமாக இருந்தது. அவனுக்கு ஈடு கொடுக்க நான்தான் ஓட வேண்டியிருந்தது.

அன்று பள்ளி அரை நாள்தான். கட்டட வாசலில் மகள் சிநேகிதிகளோடு உட்கார்ந்திருந்தாள். இவனைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

“இவர்தான்டி எங்கப்பா. மேல்மாடி வரைக்கும் நிக்காம ஏறுவார். ஏறிக் காட்டுங்கப்பா.”

அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். காலி கேரியரைக் கையில் மாற்றிக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல், இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். பெண்கள் கை தட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்கள். நானும் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தேன். அவனுக்கு இரைக்கவே இல்லை.

கதவைத் திறந்த மனைவி, என்ன இந்த நேரத்திலேயே வந்துவிட்டீர்கள் என்று கேட்டாள். மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உடம்பு சரியில்ல” என்றான்.

அவள் பதறிப்போய் அவன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.